புகையில் பிறக்கும் உலோகம்



கடலூரை அடுத்த செம்மண்டலத்தில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. சன்னல் கம்பிகள், இரும்புக் கதவுகள், மாடிப்படிக் கைப்பிடிகள் ஆகியவற்றை அங்கே பற்றவைத்துக் கொடுக்கிறார்கள். மாலை வேளையில் அவ்வழியே நடப்போர், கண் கூசும் நீல ஒளி ஒன்று அங்கே சுடர்விடுவதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வர். நானும் ஒளியைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் அந்த ஒளிக்கு மேலே சுருண்டெழும் வெண்புகையைச் சற்று ஒதுங்கி நின்று பார்ப்பது சில ஆண்டுகளாக என் வழக்கமாகிவிட்டது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் தெருவில் நின்று புகையை வேடிக்கை பார்க்கிறாரே என்று அண்டை வீட்டார் நினைக்கக்கூடும். அவர்கள் நினைப்பதில் பிழையில்லை. எனினும் அது விறகுப் புகையைப் போன்றது அன்று. அது உலோகம்.

மின்சுடரின் நடுவே உஷ்ணம் பல ஆயிரம் டிகிரி இருக்கும். அவ்வெப்பத்தில் கம்பி உருகுவதோடு நிற்பதில்லை; அதில் ஒரு சிறு பங்கு ஆவியாகவே மாறிவிடுகிறது. இரும்பும் மாங்கனீசும் ஆவியாய் எழுந்து, சுடரைவிட்டு ஒரு விரற்கடை விலகியதும் குளிர்கின்றன. குளிர்ந்த ஆவி என்ன செய்யும்? மார்கழி விடியலில் புல்நுனியில் நீராவி துளியாவதுபோல, உலோக ஆவியும் துளியாகிறது. அத்துளி உறைந்து நுண்ணிய உருண்டையாகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறினும் சிறிய உருண்டைகள் அவற்றுள் ஏராளம். காற்றிலுள்ள ஆக்சிஜன் உடனே அவற்றைப் பற்றிக்கொள்வதால், நாம் காணும் புகை பெரும்பாலும் உலோகத் துருவே.

இவ்வாறு வாயுவில் மிதக்கும் நுண்துகள் கூட்டத்தை விஞ்ஞானிகள் ‘ஏரோசால்’ என்று வழங்குகின்றனர். மேகம், மூடுபனி, விளக்குப் புகை, கடற்காற்றில் வரும் உப்புத்தூள் எல்லாம் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இந்தப் புகையை வேண்டுமென்றே, அளந்து, அடக்கி உண்டாக்கி, இரண்டு உலோகங்கள் ஒன்றாய்ச் சேர்ந்த நுண்துகள்களை அதிலிருந்து எடுக்கும் கலையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். நாம் பேசப்போகும் துகள்களோ 5 நானோமீட்டர், 10 நானோமீட்டர் குறுக்களவு கொண்டவை. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள தங்கக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதே கட்டியைப் 10 நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கிவிட்டால், அவற்றின் மேற்பரப்பைக் கூட்டி 600 சதுர மீட்டர் வருகிறது. கணக்கை வீட்டில் போட்டுப் பாருங்கள். பெருக்கலைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. 5 நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்றில் ஏறத்தாழ நாலாயிரம் அணுக்களே இருக்கும். அவற்றுள் நாலில் ஒன்று மேற்பரப்பில் வந்து நிற்கிறது. ரசாயன மாற்றங்கள் உலோகத்தின் மேற்பரப்பில்தான் நிகழ்கின்றன. உள்ளே புதைந்த அணு சும்மா இருக்கிறது. பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகத்தைப் பெருங்கட்டியாய் வைத்திருப்பது, ஆயிரம் பேரை வேலைக்கு அமர்த்திப் பத்துப் பேரிடம் மட்டும் வேலை வாங்குவதற்கு ஒப்பாகும்.

ஒரே உலோகம் போதாதா, இரண்டு எதற்கு என்று கேட்பீர்கள். அண்டை வீட்டார் மாறினால் நம் நடையும் சற்று மாறுகிறதல்லவா? பிளாட்டின அணுவுக்குப் பக்கத்தில் கோபால்ட் அணு ஒன்று வந்து அமர்ந்தால், அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவு மாறும். எலெக்ட்ரான்களின் அமைப்பும் மாறும். அதனால் பிளாட்டினம் முன்னினும் விரைவாக வேலை செய்யும். பிளாட்டினமும் கோபால்ட்டும் சேர்ந்த இத்தகைய வினையூக்கியைத்தான் 2014-இல் வெளிவந்த டொயோட்டாவின் ஹைட்ரஜன் மோட்டார் வண்டியில் அமைத்தனர். பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகளில் 1960-களின் இறுதியிலேயே பிளாட்டினத்தோடு ரேனியம் சேர்ந்த வினையூக்கி வந்துவிட்டது. இரட்டை உலோகத் துகள்களின் இயல்பைத் தெளிவாக ஆராய்ந்து வழிகாட்டியவர்களுள் அமெரிக்க ரசாயன அறிஞர் ஜான் சின்ஃபெல்ட் முக்கியமானவர். ஆக, தேவை புதிதன்று. எவ்வாறு செய்வது என்பதே வினா.

பொதுவாக இத்துகள்களைத் திரவத்தில் செய்கிறார்கள். இரண்டு உலோக உப்புகளை நீரில் கரைத்து, அவற்றை உலோகமாக மாற்றும் மருந்து ஒன்றைச் சேர்த்தால், நிறம் மாறித் துகள்கள் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1857-இல் மாணிக்கச் சிவப்பு நிறத்தில் தங்க நீர்மங்களைச் செய்து, அந்நிறம் தங்கத்தின் நுண்துகள்களால் விளைவது என்று சொன்னார். இன்றும் இந்த வழி பெரிதும் கையாளப்படுகிறது. அதன் நுட்பத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஏதேனும் ஒரு பொருளை அவற்றின்மீது போர்த்த வேண்டும். வேலை செய்யவேண்டிய மேற்பரப்பே அப்போர்வையால் மறைந்துவிடும். பிறகு கழுவ வேண்டும். கழுவிய நீரை எங்கேனும் விட வேண்டும். ஆலைகளுக்கும் ஆறுகளுக்கும் நடுவே வாழும் கடலூர்க்காரனாகிய நான், கழுவிய நீர் எங்கே போகிறது என்ற கேள்வியை ஒருபோதும் சிறிய கேள்வியாகக் கருதுவதில்லை. புகையில் செய்யும் முறையில் அந்தப் போர்வையும் இல்லை, அந்த நீரும் இல்லை.

புகையிலிருந்து பொருள் எடுப்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. கண்மை எவ்வாறு செய்தார்கள் என்று உங்கள் பாட்டிமாரைக் கேளுங்கள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியைத் தோய்த்து, உலர்த்தி, திரியாக்குவார்கள். அத்திரியை ஆமணக்கெண்ணெயிலோ நெய்யிலோ இட்டு ஏற்றி, சுடருக்கு மேலே செம்புத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் தட்டின் அடியில் பட்டுபோன்ற கரி படிந்திருக்கும். அதை வழித்து எண்ணெயில் குழைத்தால் மை. அந்தக் கரியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் 50 நானோமீட்டருக்கு உட்பட்ட சிறு மணிகள் சரம் சரமாகக் கோத்துக் கிடப்பதைக் காணலாம். எண்ணெய் ஆவியாகி, சுடரில் சிதைந்து, கருவாகி, வளர்ந்து, ஒன்றோடொன்று மோதி ஒட்டிச் சரமாகியிருக்கிறது. இன்று மோட்டார் வண்டிச் சக்கரங்களின் ரப்பருக்கு வேண்டிய கரியை இதே அடிப்படையில் ஆலைகள் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேலாகச் செய்கின்றன.

தட்டு ஏன் கரியைப் பிடிக்கிறது? புகை மேலே போய்த் தட்டில் முட்டுகிறது என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். முழு உண்மை அதனினும் அழகானது. சூடான பக்கத்து வாயு மூலக்கூறுகள் துகளை வேகமாக மோதுகின்றன; குளிர்ந்த பக்கத்தவை மெல்ல மோதுகின்றன. ஆகவே துகள், வெப்பத்திலிருந்து குளிர்ச்சியை நோக்கித் தள்ளப்படுகிறது. சூடான பொருளைச் சுற்றித் தூசியற்ற ஓர் இருண்ட வெளி தோன்றுவதை ஜான் டிண்டால் 1870-இல் கண்டு எழுதினார். அந்த இருண்ட வெளிக்கும் கண்மைத் தட்டுக்கும் காரணம் ஒன்றே. ஆய்வுக்கூடங்களில் நானோ துகள்களைப் புகையிலிருந்து பிரித்தெடுக்கக் குளிர்ந்த தகடுகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இனி, இரண்டு உலோகங்களைக் கலக்கும் சங்கதிக்கு வருவோம். இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1989-ஆம் ஆண்டு. நான் இளம் ஆசிரியன். பத்தாம் வகுப்பில் உலோகக் கலவைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சிதம்பரத்து நடராசர் திருமேனி போன்ற செப்புத் திருமேனிகளைச் சோழர் காலத்துக் கம்மியர் வார்த்த சிறப்பைச் சொல்லி, செம்பில் வெள்ளீயம் எவ்வளவு இணக்கமாகக் கலக்கிறது என்று விளக்கினேன். அத்திருமேனிகள் பலவற்றில் காரீயமும் உண்டு. ஆனால் காரீயம் செம்போடு கலப்பதில்லை. உறைந்த செம்பினுள்ளே சிறு சிறு துளிகளாகத் தனித்து நிற்கும். வெள்ளியும் செம்பும் அத்தகைய மற்றோர் இணை. உருகிய நிலையில் ஒன்றாய்க் கலந்தாலும், உறையும்போது இவ்விரண்டும் வெவ்வேறு படிகங்களாகப் பிரிந்துவிடும். “சில உலோகங்களை என்ன செய்தாலும் நன்றாய்க் கலக்க முடியாது” என்று சொல்லிக் கரும்பலகையைத் துடைத்தேன்.

கடைசிப் பலகையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழிலாளியின் மகன் அவன். “சார், வாயுக்கள் எல்லாம் எந்த அளவிலும் ஒன்றோடொன்று கலக்கும் என்று போன வாரம் சொன்னீர்கள். அப்படியானால் இரண்டு உலோகத்தையும் ஆவியாக்கினால் கலக்கும் அல்லவா?” என்று கேட்டான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவனை முன்னே அழைத்துக் கேள்வியைப் பலகையில் எழுதியிருக்க வேண்டும். நான் செய்ததோ வேறு. “ஆவியைப் பிடித்து என்ன செய்வாய்? புகையை மூட்டை கட்டுவாயோ?” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். ஆசிரியப் பயிற்சியில், மாணவனின் வினாவை எள்ளி நகையாடலாகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

ஓய்வு பெற்ற பின்னர் ஒரு நாள், கல்லூரி நூலகம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் சொன்ன விடை எவ்வளவு பிழையானது என்று அறிந்தேன். அவன் கேட்டதற்கு முந்தைய ஆண்டாகிய 1988-இலேயே, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் ஷ்மிட்-ஓட் என்னும் விஞ்ஞானியும் அவர்தம் துணைவர்களும், மின்பொறியால் உலோகப் புகை உண்டாக்கும் சிறு கருவி ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார்கள். புகையை மூட்டை கட்டும் வேலை அப்போதே தொடங்கியிருந்தது!

அந்தக் கருவியின் அமைப்பு மிக எளியது. மூடிய அறை ஒன்றில் பென்சில் பருமனுள்ள இரண்டு உலோகக் கோல்கள் எதிரெதிரே நிற்கும். நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயு அவ்விடைவெளியின் வழியே ஓடிக்கொண்டிருக்கும், ஆக்சிஜனுக்கு இடமில்லை. மின்தேக்கி ஒன்றில் மின்சாரம் நிறைந்து நிறைந்து, இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாயும். வினாடிக்குச் சில நூறு பொறிகள். ஒவ்வொன்றும் வினாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரமே நிலைக்கும். அந்நேரத்தில் உஷ்ணம் ஏறக்குறைய 20,000 டிகிரியை எட்டும். கோலின் நுனியிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத ஓர் இம்மி உலோகம் ஆவியாகித் தெறிக்கும். மின்னோட்டம் ஒரே பொறிக்குள் முன்னும் பின்னும் ஊசலாடுவதால் இரண்டு கோல்களுமே தேய்கின்றன. ஒரு கோல் வெள்ளியாகவும் மற்றது செம்பாகவும் இருந்தால், இரண்டின் ஆவியும் ஒரே மேகத்தில் பிறக்கும். ஓடும் குளிர்வாயு அம்மேகத்தை உடனே வாரிக்கொண்டுபோய்க் குளிரச் செய்யும்.

குளிர்ந்ததும் வெள்ளியும் செம்பும் பழையபடி பிரிந்துவிடாவோ? இதைப் பள்ளி மைதானத்தில் வைத்து விளக்குகிறேன். இடைவேளையில் மைதானம் முழுவதும் பிள்ளைகள் கலந்து ஓடுகிறார்கள். மணி அடித்து ஐந்து நிமிடம் கொடுத்தால், ஆறாம் வகுப்பு ஒரு பக்கம், ஏழாம் வகுப்பு ஒரு பக்கம் என்று அவரவர் கூட்டத்தைத் தேடிச் சேர்ந்துகொள்வர். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊதலை ஊதி, “அசையாதே!” என்று கட்டளையிட்டால்? யார் பக்கத்தில் யார் இருந்தாரோ அப்படியே நிற்க வேண்டியதுதான். உலோக அணுக்களும் அவ்வாறே. பிரிவதற்கு அவற்றுக்கு நேரம் வேண்டும். நேரம் கொடாமல் குளிரவைத்தால் கலந்தபடியே உறைந்துபோகும்.

இது வெறும் கற்பனை உவமை அன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த போல் டுவெஸ் என்பாரும் அவருடைய துணைவர்களும் 1960-இல், உருகிய வெள்ளி–செம்புத் துளியைக் குளிர்ந்த செம்புத் தகட்டின்மேல் வேகமாய் வீசியடித்து, வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்னும் வேகத்தில் குளிரச் செய்து, இரண்டும் ஒரே படிகமாகக் கலந்த கலவையைப் பெற்றார்கள். அஃதாவது, என் மாணவன் கேட்பதற்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, வெள்ளி–செம்பைப் பொறுத்தவரை “என்ன செய்தாலும்” என்ற என் சொல் பொய்யாகியிருந்தது. வேகத்தைக் குறிப்பிடாமல் “கலவாது” என்று சொன்னதே என் பிழை.

ஷ்மிட்-ஓட் பின்னாளில் நெதர்லாந்திலுள்ள டெல்ஃப்ட் நகரப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவர் குழுவினர், கட்டியாக இருக்கும்போது எல்லா அளவிலும் கலக்க மறுக்கும் மூன்று இணைகளை மின்பொறியில் சோதித்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவை வெள்ளி–செம்பு, பிளாட்டினம்–தங்கம், செம்பு–டங்ஸ்டன். முதல் இரண்டிலும் பெருங்கட்டியில் காணப்படாத கலப்புப் படிகங்கள் கிடைத்தன. மூன்றாவதில் அப்படிக் கலக்கவில்லை. ஒரு நானோமீட்டர் அளவுக்கு நெருங்கி விரவி நின்றனவேயன்றி ஒன்றாகவில்லை. அக்கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வெற்றி பெற்ற இரண்டை மட்டும் சொல்லி மூன்றாவதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. 2020-இல் தென்கொரியாவின் சோல் நகரத்து ஆய்வாளர்கள் இம்முறையை மேலும் விரித்து, ஐம்பத்தைந்து வகைக் கலப்புத் துகள்களின் வரிசையையே வெளியிட்டனர்.

எப்போதும் ஒன்றாய்க் கலந்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. சில வேளைகளில் மலிவான உலோகம் உள்ளேயும் விலையுயர்ந்தது மெல்லிய தோலாக வெளியேயும் இருப்பது நல்லது. சீரக மிட்டாய் தின்றிருப்பீர்கள். நடுவே சீரகம், மேலே சர்க்கரை. செய்முறையும் ஏறக்குறைய அதுவே. முதல் உலோகத்தின் துகள்களை வாயுவில் மிதக்கவிட்டு, இரண்டாம் உலோகத்தின் ஆவி நிறைந்த வெளியின் வழியே செலுத்தினால், ஆவி தனித்துளியாகாமல் துகளின்மேலேயே படியும். ஆவி அளவு கடந்து செறிந்துவிட்டால் மட்டும், சீரகமில்லாத சர்க்கரை உருண்டைகள்போல, தனித்துகள்களும் தோன்றிக் காரியத்தைக் கெடுக்கும்.

ஆவியே இல்லாமல் துளிகளைக் கொண்டு செய்யும் முறையும் உண்டு. இரண்டு உலோக உப்புகளும் கரைந்த நீரை, ஆஸ்துமா நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் நெபுலைசரைப் போன்ற கருவியால் பனித்துளிகளாக்கி, சூடான குழாயின் வழியே செலுத்துகிறார்கள். ஒவ்வொரு துளியும் ஒரு சிறு கொப்பரை. நீர் வற்றும், உப்பு சிதையும், உலோகம் எஞ்சும். ஒரு துளிக்கு ஒரு துகள். ஆதலால் எந்த அளவில் உப்புகளைக் கரைத்தோமோ, அந்த அளவிலேயே ஒவ்வொரு துகளிலும் இரண்டு உலோகங்களும் இருக்கும். வெள்ளியும் பல்லேடியமும் சேர்ந்த தூள்களை இவ்வாறு செய்யலாம். எலெக்ட்ரானிக் கருவிகளின் பல அடுக்கு மின்தேக்கிகளில் அத்தூள்கள் மின்வாய்களாகப் பயன்பட்டு வந்தன. நீரை அவசரப்பட்டு வற்றவைத்தால் மட்டும், துகள் பூரியைப்போல உப்பி உள்ளீடற்றதாகிவிடும்.

இது எங்கோ கடல்கடந்த நாடுகளில் நடப்பது என்று எண்ணாதீர்கள். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் டி. பிரதீப் அவர்களின் குழுவினர் இத்துறைக்கு மிக நெருங்கிய ஆராய்ச்சிகளைச் செய்து வருகிறார்கள். இருபத்தைந்து தங்க அணுக்கள் கொண்ட திரளையும் நாற்பத்து நான்கு வெள்ளி அணுக்கள் கொண்ட திரளையும் ஒரே கரைசலில் இட்டால், இரண்டும் அணுக்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன என்பதை 2016-இல் அவர்கள் எடுத்துக்காட்டினர். அது திரவத்தில் நிகழ்ந்த இரட்டை உலோக வேலை. 2024-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ‘சயன்ஸ்’ இதழில் அவர்கள் வெளியிட்டதோ காற்றில் நிகழ்ந்தது. குவார்ட்சு, மாணிக்கம் ஆகிய கனிமங்களின் நுண்தூளை நீரில் இட்டு, மின்னேற்றம் பெற்ற துளிகளாகக் காற்றில் தெளித்தனர். துளி பறந்து செல்லும் நேரம் வினாடியின் நூறில் ஒரு பங்கு அளவே. அதற்குள் கடினமான கனிமம் உடைந்து 5 முதல் 10 நானோமீட்டர் துகள்களாகிவிட்டது! பாறை மண்ணாவதற்கு இயற்கை நூற்றாண்டுகள் எடுத்துக்கொள்கிறது என்று நான் முப்பது ஆண்டுகள் பாடம் சொன்னவன். அதில் இரண்டு உலோகம் இல்லை என்பது உண்மையே. ஆனால் காற்றில் பறக்கும் சிறு துளி, குடுவையிலுள்ள நீர் செய்யாததைச் செய்யும் என்பதை அது காட்டுகிறது. இரட்டை உலோகத் துகள்களைத் துளியில் செய்ய விரும்புவோர் அதைக் கவனியாமல் இருக்க முடியாது.

புகை பிறந்துவிட்டது, இனி அதைத் தரம் பிரிக்க வேண்டும். நெல்லை முறத்தில் புடைத்துப் பதரைப் போக்குவதுபோல, துகள்களையும் பறக்கும்போதே பிரிக்கலாம். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சிறு மின்னேற்றம் கொடுத்து, மின்புலத்தின் குறுக்கே ஓடவிட்டால், சிறியது விரைவாகவும் பெரியது மெல்லவும் விலகும். ஓரிடத்தில் மெல்லிய பிளவை அமைத்து, வேண்டிய பருமனுள்ளவற்றை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். இறுதியில் மின்புலத்தாலேயே அவற்றைத் தகட்டில் படியவைக்கலாம். இந்தத் தத்துவம் நம் மாவட்டத்திலேயே பெரிய அளவில் நடைபெறுகிறது. நெய்வேலி அனல்மின் நிலையங்களில் பழுப்பு நிலக்கரியின் சாம்பலைப் புகைபோக்கிக்குப் போகும் முன்னரே பிடிப்பது இவ்வாறு மின்னேற்றித்தான். அங்கே சாம்பல் டன் டன்னாகச் சேரும். இங்கே விலைமதிப்புள்ள தூசி இம்மி இம்மியாகச் சேரும்.

நான் புகழ்ந்தே பேசிவிட்டேன், அச்சத்தையும் சொல்லவேண்டும். காற்றில் மிதக்கும் அளவுக்கு நுண்ணிய துகள், மூச்சோடு நுரையீரலின் கடைசி அறை வரை செல்லும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயைப் பற்றவைத்தவர்களுக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வருவது பட்டறைக்காரர்கள் நன்கறிந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதற்பிரிவில் வைத்தது. மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டினால் பெரும் பயன் இல்லை. நல்ல வடிகட்டிகளின் இயல்பு விந்தையானது: அவற்றுக்குப் பிடிக்கக் கடினமானவை 300 நானோமீட்டர் அளவுள்ள நடுத்தரத் துகள்கள். அவற்றினும் சிறியவை ஓயாது தள்ளாடித் திரிவதால் வடிகட்டியின் இழைகளில் தாமாகவே சென்று மோதிச் சிக்கிவிடுகின்றன. மேலும், ஆக்சிஜனைக் காணாத நுண்ணிய உலோகத் தூளைத் திடீரென்று காற்றில் திறந்தால் தீப்பற்றிக்கொள்ளவும் கூடும். ஆகவே இவ்வேலை எல்லாம் மூடிய குழாய்களுக்குள்ளேதான் நடக்கவேண்டும். வீட்டில் யாரும் முயல வேண்டா. கண்மை செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த மாணவன் என்ன ஆனான் என்று கேட்க நினைத்திருப்பீர்கள். பத்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. அதற்குக் காரணம் அவன் வீட்டு வறுமை. என் ஏளனம் அன்று. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். செம்மண்டலத்துப் பட்டறைக்கு உரிமையாளன் அவனே. என்னைக் காணும்போதெல்லாம் முகக்கவசத்தை உயர்த்தி வணக்கம் சொல்வான்.

நூலகத்தில் படித்த மறுநாள் நேரே அவனிடம் சென்றேன். 1989-இல் அவன் கேட்ட கேள்வியை நினைவூட்டினேன். அவனுக்கு அது நினைவில் இல்லை. எனக்கு மட்டுமே நினைவிருந்தது. கேள்வி சரியானது, என் விடைதான் தவறு என்று சொல்லி, சூரிச் கருவியைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினேன். அவன் குந்தி உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டான். கோல் எவ்வளவு நேரத்தில் தேயும், இரண்டு கோலும் ஒரே அளவாகத் தேயுமா என்று விசாரித்தான். தேயாது, உலோகத்துக்கு உலோகம் மாறுபடும் என்றேன். “அப்படியானால் கலவையின் அளவு நம் கையில் இல்லையே சார்?” என்றான். அதற்காகத்தான், இரண்டு உலோகத் தூள்களையும் வேண்டிய அளவில் சேர்த்து அழுத்திக் கோலாக்கிக்கொள்கிறார்கள் என்று விடை சொன்னேன். இம்முறை விடை என் கையில் இருந்தது.

பிறகு கேட்டான்: “மணிக்கு எத்தனை கிராம் வரும் சார்?”

கிராம் அன்று, சில மில்லிகிராம்தான் என்றேன். அவன் சற்று நேரம் தரையிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். “பொறியைப் பெரிதாக்கினால் துகளும் பெரிதாகிவிடும் அல்லவா? அப்படியானால் ஒரே பொறி உதவாது. சின்னப் பொறிகளாகவே நூறு வைத்து, எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்க்கவேண்டும்” என்றான்.

ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 2012 முதல் சில ஆண்டுகள் பெரும்பொருள் செலவிட்டு நடத்திய திட்டம் ஒன்றில் முயன்றது இதைத்தான்: பொறிவாயைப் பெரிதாக்காமல், பல பொறிவாய்களை அடுத்தடுத்து வைத்து உற்பத்தியைப் பெருக்குவது. நான் அதை அப்போது படித்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடியபின்தான் தெரிந்தது. மறுநாள் மாலை போய்ச் சொன்னேன். அவன் தலையசைத்துவிட்டு, சேர்மானக் கம்பியை வைக்கும் முன் என்னைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் சார், காற்று உங்கள் பக்கம் அடிக்கிறது” என்றான்.